பிள்ளையைப் பறிகொடுத்த இரு ரபிகள்

ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்கிறவர் வீட்டிலேயே சாவு விழுந்தால், அடுத்த வாரம் மக்கள் முன்னால் நின்று அவர் எதைச் சொல்வார்? யூத மரபில் ரபிக்கு இந்தக் கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை. அந்த மரபு ரபியைத் துறவியாக வைப்பதில்லை. அவர் வேதம் கற்பிக்கிறவர், கல்யாணம் செய்து வைக்கிறவர், துக்க வீட்டில் முதலில் வந்து உட்காருகிறவர். அதோடு மனைவி மக்களோடு வாழும் குடும்பஸ்தர். ஊராரின் பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சலும் விபத்தும் குண்டுவீச்சும் அவர் பிள்ளைக்கும் வரும்.

இருபதாம் நூற்றாண்டில் இப்படி மகனைப் பறிகொடுத்து, அதன்பின் எழுதிய எழுத்தால் தாங்கள் கண்ணால் காணாத மனிதர்களையும் தொட்ட ரபிகள் இருவரை இங்கே சேர்த்துப் பார்க்கிறேன். ஒருவர் அமெரிக்காவின் ஹாரல்ட் குஷ்னர். மற்றவர் போலந்தின் கலோனிமுஸ் கல்மன் ஷபிரா. குஷ்னர் தம் மகன் கதையை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ஷபிரா தம் மகனைப் பற்றி நேராகப் பேசாமல், வேதக் கதையில் வரும் ஒரு தாயின் சாவைப் பற்றிப் பேசுகிறார். ஒருவர் எழுத்து முழுக்கத் திறந்தது, மற்றவர் எழுத்து மூடியது. ஆனாலும் இரண்டும் துக்கப்பட்டவர்களின் நெஞ்சுக்குள் ஒரே மாதிரி இறங்குகின்றன. காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இருவருக்குள்ளும் இருந்த குரு, தமக்குள் இருந்த தகப்பனை வாயடைக்கவில்லை. பிள்ளை செத்ததற்குச் சமாதானம் சொல்ல மரபில் தயாராக இருந்த பதில்களை அந்தத் தகப்பன் கேள்வி கேட்டான். குரு அதைக் காது கொடுத்துக் கேட்டார். திறந்து எழுதுவதா மூடி எழுதுவதா என்பது, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்பதைப் பொறுத்து அமைந்தது.

இரண்டு வாழ்க்கைகள்

குஷ்னர் 1935-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். 1960-இல் ரபியாகப் பட்டம் பெற்றார். யூத சமயத்தின் கன்சர்வேட்டிவ் பிரிவைச் சேர்ந்தவர். 1966-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே உள்ள நேட்டிக் என்ற ஊரின் தொழுகைக்கூடத்துக்கு ரபியாக வந்தார். மூத்த மகன் ஆரன் 1963-இல் பிறந்தவன். எட்டு மாதத்திலிருந்து எடை ஏறவில்லை. ஒரு வயதுக்குப் பிறகு தலைமுடி கொட்டத் தொடங்கியது. ஆனால் படு சுட்டி. இரண்டு வயது நிரம்பும் முன்பே பத்துப் பன்னிரண்டு வகை டைனோசர்களைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்வானாம். இரண்டாவது குழந்தையாக மகள் பிறந்த அன்றைக்குத்தான் மருத்துவர் வந்து விஷயத்தைச் சொன்னார். ஆரனுக்கு வந்திருப்பது புரோஜீரியா, சிறு வயதிலேயே உடல் கிழடாகிவிடும் அரிய நோய். மூன்று அடிக்கு மேல் வளர மாட்டான், தலையில் முடி இருக்காது, பதின்ம வயதின் தொடக்கத்திலேயே இறந்துவிடுவான். மருத்துவர் சொன்னபடியே நடந்தது. 1977-இல், பதினான்காவது பிறந்தநாள் முடிந்து இரண்டு நாளில் ஆரன் இறந்தான். நான்கு ஆண்டு கழித்து, 1981-இல், ‘நல்லவர்களுக்குக் கெட்டது நேரும்போது’ என்ற புத்தகம் வந்தது. குஷ்னர் 2023 ஏப்ரலில் தம் 88-ஆம் வயதில் காலமானார்.

ஷபிரா 1889-இல் வார்சாவுக்குப் பக்கத்திலுள்ள குரோஜிஸ்க் என்ற ஊரில் பிறந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த ஹசிதிய பக்தி இயக்கத்தின் பழைய குருகுடும்பம் ஒன்றின் வாரிசு. மூன்று வயதில் தந்தையை இழந்தார். இருபது வயதில் பியாசெச்னோ என்ற சிற்றூரில் ரெப்பே ஆனார். ஹசிதியர்களுக்கு ரெப்பே என்றால் குரு, வழிகாட்டி, குடும்பப் பெரியவர் எல்லாம் சேர்ந்தவர். 1923-இல் வார்சாவில் பெரிய வேதபாடசாலை ஒன்றைத் தொடங்கினார். 1937-இல் மனைவி இறந்தார். 1939 செப்டம்பர் 25 அன்று ஜெர்மன் விமானங்கள் வார்சாவை நாள் முழுக்கக் குண்டுவீசித் தாக்கியபோது ஒரே மகன் எலிமெலெக் படுகாயமடைந்தார். மறுநாள், அவர் கிடந்த மருத்துவமனைக்கு வெளியே நின்றிருந்த மருமகளும் மைத்துனியும் இன்னொரு குண்டுக்குப் பலியானார்கள். செப்டம்பர் 29, கூடாரப் பண்டிகையின் இரண்டாம் நாள், மகனும் இறந்தார். அடுத்த சில வாரங்களில் ஷபிராவின் தாயார் காலமானார். வீட்டில் மிஞ்சியது அவரும் மகளும்தான்.

குஷ்னருக்கு மகனின் சாவு பதினோரு ஆண்டுகள் முன்னறிவிப்போடு வந்தது. ஷபிராவுக்கு ஐந்து நாளில் குடும்பமே சிதறியது. குஷ்னரால் தம் துக்கத்தை அமைதியான ஊரில் உட்கார்ந்து யோசிக்க முடிந்தது. ஷபிராவுக்கோ அந்தச் சாவுதான் தொடக்கம்.

சாவுக்கு முன்பே பிள்ளைகளுக்காக எழுதியவர்கள்

துக்கம் வந்த பிறகு திடீரென்று பேனாவை எடுத்தவர்களல்லர் இருவரும். முதலில் எழுதியதே பிள்ளைகளைப் பற்றித்தான்.

ஷபிரா 1932-இல் ‘மாணவர் கடமை’ என்ற நூலை வெளியிட்டார். அதன் முன்பகுதி ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் பேசும் உரையாடலாக அமைந்தது. அவர் காலத்து வார்சாவில் இளைஞர்கள் மரபை விட்டு விலகிக்கொண்டிருந்தார்கள். பல ரபிகள் அவர்களைத் திட்டித் தீர்த்தார்கள். ஷபிரா வேறு மாதிரி பார்த்தார். இந்தக் காலத்துப் பிள்ளை சீக்கிரமே தன்னைப் பெரியவனாக நினைத்துக்கொள்கிறான். அவனை மேலிருந்து அதட்டினால் அவன் காதில் எதுவும் ஏறாது. அவனையே அவனுக்கு ஆசானாக்க வேண்டும், அதற்கு முதலில் அவன் மனசுக்குள் இறங்கி அவன் மொழியில் பேச வேண்டும். நூலின் பெரும்பகுதி பிள்ளையிடமே நேராகப் பேசுகிறது.

குஷ்னர் 1971-இல் ‘பிள்ளைகள் கடவுளைப் பற்றிக் கேட்கும்போது’ என்ற நூலைக் கொண்டுவந்தார். எல்லாக் கேள்விக்கும் விடை தெரியாத பெற்றோருக்காக எழுதியது அது. அப்போது ஆரனுக்கு எட்டு வயது. மகன் எவ்வளவு காலம் இருப்பான் என்று தகப்பனுக்குத் தெரிந்திருந்த நேரம். குழந்தையைப் பயமுறுத்தும் கடவுளைக் காட்டாதீர்கள், தண்டிக்கக் காத்திருப்பவராகச் சொல்லி வளர்க்காதீர்கள் என்கிற அக்கறை அந்த நூலிலேயே தொடங்கிவிட்டது.

பிள்ளைக்கு விளங்காததை அதன் தலையில் கட்டக்கூடாது என்ற ஒழுக்கம் இருவருக்கும் இப்படிப் பழகிவிட்டது. பின்னால் துக்கப்பட்டவர்களோடு பேச வேண்டி வந்தபோது அந்த ஒழுக்கமே கைகொடுத்தது. அடிபட்டவனுக்கும் குழந்தைக்கும் நீண்ட தத்துவம் ஏறாது. தன் நிலை புரிந்தவர் சொல்கிறார் என்று தோன்றினால்தான் கேட்பார்கள்.

ஷபிராவிடம் இன்னொன்றும் இருந்தது. தம்மைத் தாமே தூண்டிக்கொள்ள எழுதிய அந்தரங்கக் குறிப்பேடு. மனிதன் தன் எண்ணங்களை எழுதி வைப்பது நல்லது என்று அதில் சொல்கிறார். நூலாசிரியன் என்று பேர் வாங்குவதற்காக எழுத வேண்டாம். தன் ஆன்மா பட்ட பாட்டை, அதன் ஏற்ற இறக்கங்களைத் தாளில் பதித்தால், ஆள் போன பிறகும் அது இன்னொருவருக்குள் உயிரோடு இருக்கும் என்பது அவர் கருத்து. தன்னைப் பற்றி எழுதுவதற்கு இதைவிடத் தெளிவான நியாயத்தை ஒரு மத குரு சொல்லி நான் படித்ததில்லை. அப்படிச் சொன்னவர், மகன் செத்தபோது ஏன் ‘என் மகன்’ என்று எழுதவில்லை? இந்த ஒப்பாய்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

குஷ்னர்: முகம் காட்டிப் பேசுதல்

குஷ்னரின் நூல் அவர் சொந்தக் கதையில்தான் தொடங்குகிறது. ஆரன் பிறந்தது, நோய் தெரிந்தது, அதைக் கேட்டபோது தகப்பனுக்கு வந்த கோபம். நான் கெட்டவனாக இருந்ததில்லை; என்னைவிடப் பக்தி குறைந்தவர்களின் பிள்ளைகள் ஆரோக்கியமாக ஓடியாடுகிறார்கள்; சரி, எனக்கே தண்டனை என்றாலும், ஒன்றும் அறியாத குழந்தை ஏன் அனுபவிக்க வேண்டும்? மதகல்லூரியில் படித்தது எதுவும் இதற்கு உதவவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. நூல் ஆரனின் நினைவுக்கே காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. 1963, 1977 என்ற இரண்டு ஆண்டுகளும், குழந்தையைப் பறிகொடுத்த தாவீது அரசன் பேசும் வேதப் பகுதியும் முகப்பில் இருக்கின்றன.

முதலில் தன் காயத்தைக் காட்டியதால் அவருக்கு ஓர் உரிமை கிடைத்தது. மற்றவர்கள் வெளியே சொல்லக் கூசும் எண்ணங்களை எடுத்து மேசைமேல் வைக்க முடிந்தது. நூலில் வரும் ஒரு சம்பவம் இது. கல்லூரியில் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன பத்தொன்பது வயதுப் பெண், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து நடந்துபோகும்போதே விழுந்து இறந்துவிடுகிறாள். குஷ்னர் அந்த வீட்டுக்குப் போகிறார். பெற்றோர் அழுவார்கள், கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனவரிடம், பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் போன முறை வந்தபோது நாங்கள் உபவாசம் இருக்கவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். மகள் சாவுக்குத் தாங்கள் தவறவிட்ட ஒரு விரதம்தான் காரணம் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, ஒரே வாரத்தில் இறந்த இரண்டு மூதாட்டிகளைப் பற்றியது. இரண்டு வீட்டுக்கும் துக்கம் விசாரிக்கப் போகிறார் ரபி. ஒரு வீட்டு மகன், அம்மாவை இந்தக் குளிரிலிருந்து புளோரிடாவுக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாள், என் தப்பு என்கிறான். மற்ற வீட்டு மகன், அம்மாவைப் பிடிவாதமாகப் புளோரிடாவுக்கு அனுப்பினேன், பயணமும் மாறின சீதோஷ்ணமும் கொன்றுவிட்டன, என் தப்பு என்கிறான். இரண்டையும் பக்கத்தில் வைத்ததுமே குற்ற உணர்வு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடுகிறது. எந்த வழியில் போயிருந்தாலும் மனசு தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். இதைப் படிக்கும் எத்தனையோ பிள்ளைகள் அந்த இடத்தில் மூச்சு விட்டிருப்பார்கள்.

குஷ்னர் தம் மீதே வைத்த கடுமையான சோதனையும் நூலில் உண்டு. ஆரனின் வாழ்வாலும் சாவாலும் நான் நல்ல ரபி ஆனேன், பிறர் வலி புரிந்தவன் ஆனேன் என்று ஒப்புக்கொள்கிறார். உடனே, மகனைத் திரும்பப் பெற முடியுமானால் அந்த வளர்ச்சியை எல்லாம் அந்தக் கணமே தூக்கிக் கொடுத்துவிடுவேன் என்கிறார். துன்பம் மனிதனைப் பண்படுத்தவே வருகிறது என்ற ஆயிரம் பிரசங்கங்களுக்கு ஒரு தகப்பன் சொல்லும் பதில் இது. சமய இலக்கியத்தில் இவ்வளவு நேர்மையான இடங்கள் குறைவு.

ஷபிரா: சாராளுக்குள் நின்று பேசுதல்

வார்சாவில் ஜெல்னா தெரு 5-ஆம் எண் வீட்டில் ஷபிரா ஓய்வுநாள்தோறும் உரை நிகழ்த்தினார். இத்திஷ் மொழியில் பேசுவார். ஓய்வுநாளில் எழுதக்கூடாது என்பது யூதச் சட்டம். அதனால் அந்த நாள் முடிந்தபின் நினைவிலிருந்து எபிரேயத்தில் எழுதி வைப்பார். 1939 செப்டம்பரிலிருந்து 1942 ஜூலை வரையிலான உரைகள் இப்படிப் பதிவாயின. எதிரியை அவர் பெயர் சொல்லிச் சுட்டுவதில்லை. அன்றைய செய்தி எதையும் விவரிப்பதில்லை. அந்த வாரத்து வேதப் பகுதி, அதற்குப் பழைய உரையாசிரியர்கள் சொன்னது, அதன் மேல் தம் சிந்தனை. மேலோட்டமாகப் பார்த்தால் எந்த நூற்றாண்டிலும் நிகழ்த்தியிருக்கக்கூடிய உரைகள்.

1939 நவம்பர் 4. மகன் இறந்து ஐந்து வாரம். அன்றைய வேதப் பகுதி ஆபிரகாமின் மனைவி சாராளின் மரணத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பகுதி, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோன கதை. இவ்விரண்டும் ஏன் அடுத்தடுத்து வருகின்றன என்பது பழைய கேள்வி. பதினோராம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி, மகனைப் பலிபீடத்தில் கட்டிய செய்தி கேட்டுத்தான் சாராளின் உயிர் பிரிந்தது என்று முன்னோர் விளக்கத்தை எடுத்துச் சொல்கிறார். ஷபிரா அங்கிருந்து புறப்படுகிறார்.

அவர் முதலில் எடுத்துக்கொள்வது உப்பு. உப்புக்கும் துன்பத்துக்கும் கடவுள் உடன்படிக்கை செய்திருக்கிறார் என்று, பழைய ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் சொல்கிறது. உப்பு இறைச்சிக்குச் சுவை கூட்டுவதுபோலத் துன்பம் மனிதனைச் சுத்திகரிக்கும் என்பது வழக்கமான விளக்கம். ஷபிரா முந்தைய ஹசிதியக் குரு ஒருவரின் சொல்லைக் கொண்டுவருகிறார்: உப்பு அளவோடு இருந்தால்தான் சுவை, மிஞ்சிப்போனால் வாயில் வைக்க முடியாது. துன்பமும் தாங்குகிற அளவுக்கே இருக்க வேண்டும், அதில் இரக்கம் கலந்திருக்க வேண்டும். அதன்பின் அவர் வைப்பது துணிச்சலான வாதம். மோசே இவ்விரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது நமக்காகப் பரிந்து பேசத்தான். துன்பம் அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்று கடவுளுக்குக் காட்டுகிறார். சாராள் போன்ற புண்ணியவதியாலேயே தாங்க முடியவில்லை என்றால், நாங்கள் எம்மாத்திரம்? சாராளே தன் உயிரை விட்டது, இவ்வளவு வலியை உம் மக்களால் தாங்க முடியாது என்று கடவுளிடம் உணர்த்தத்தான். அப்படியானால், இன்னும் வாழ்ந்திருக்க வேண்டிய ஆண்டுகளை அவள் விட்டுவிட்டது குற்றமாகாதா? ஆகாது, அது தன் மக்களுக்காகச் செய்தது. அந்த ஆண்டுகளும் அவள் புண்ணியக் கணக்கிலேயே சேரும் என்று முடிக்கிறார்.

மகனின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். யாருடைய மகன், எந்த மருத்துவமனை, வாசலில் யார் யார் செத்தார்கள் என்பதைத் தெரிந்தவர்கள்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகனை இழந்த தகப்பன், மகனுக்காக உயிரை விட்ட தாயைப் பற்றிப் பேசுகிறார். பலியிட மகனைக் கொண்டுபோன ஆபிரகாமின் கீழ்ப்படிதலைப் போற்றுவது மரபுக்குப் பழகிய பாதை. ஷபிரா அந்த வாரம் தாங்க முடியாமல் செத்தவளின் பக்கம் போய் நின்றார். அதுவே அவர் சொன்ன சொந்தக் கதை.

எதிரே இருந்தவர்கள்

ஒருவர் ஏன் வெளிப்படையாகவும் மற்றவர் ஏன் மறைவாகவும் எழுதினார் என்பதைச் சுபாவத்தையும் காலத்தையும் காட்டி விளக்கிவிடலாம். ஹசிதியக் குருக்கள் தம்மை முன்னிறுத்திப் பேசுவதில்லை. எழுபதுகளின் அமெரிக்காவில் சொந்த அனுபவத்தைச் சொல்வது ஏற்கப்பட்ட வழக்கம். இரண்டும் உண்மைதான். ஆனாலும் கேட்டவர்களின் நிலையைப் பார்த்தால்தான் முழுக்காரணம் புலப்படுகிறது.

குஷ்னரின் வாசகர் தனி ஆள். அமைதியான தெருவில், மற்ற வீடுகளில் எல்லாம் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வரும்போது, தன் வீட்டில் மட்டும் இடி விழுந்தவர். எனக்கு மட்டும் ஏன் என்ற கேள்விதான் அவரைத் தின்கிறது. அவருக்கு முதலில் வேண்டியது, எனக்கும் இது நடந்தது என்று சொல்லும் ஒரு மனித முகம். குஷ்னர் தம்மை மறைத்துக்கொண்டு தத்துவம் பேசியிருந்தால் அந்த வாசகர் புத்தகத்தை மூடி வைத்திருப்பார்.

ஷபிராவின் எதிரே இருந்தவர்களில் யாருக்கும் எனக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி இல்லை. 1940 நவம்பரில், வார்சா யூதர்களை ஜெர்மானியர்கள் அடைத்துவைத்த பகுதியான கெட்டோவின் மதில் அடைக்கப்பட்டது. உள்ளே 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பசியிலும் விஷக்காய்ச்சலிலும் வாரந்தோறும் பிணங்கள் தெருவில் விழுந்தன. ஓய்வுநாளில் வந்து உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவரும் யாரையோ புதைத்துவிட்டு வந்தவர்கள். அங்கே குரு எழுந்து என் மகன், என் மருமகள், என் தாய் என்று பேசியிருந்தால், மற்றவர்களின் இறந்தவர்கள் இரண்டாம் வரிசைக்குப் போயிருப்பார்கள். சாராளின் கூடாரத்துக்குள் எல்லோருக்கும் இடம் இருந்தது. அவளைப் பற்றிப் பேசியபோது ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுச் சாவை அங்கே கொண்டுபோய் வைக்க முடிந்தது. தம் துக்கத்தை ஷபிரா அடக்கியது, பிறர் துக்கத்துக்கு இடம் விட.

கடவுளைப் பற்றிச் சொன்னது

இருவரும் அதிகம் விலகும் இடமும், கடைசியில் நெருங்கி வரும் இடமும் இதுதான்.

குஷ்னர், வேதத்தில் வரும் யோபு என்ற நல்லவனின் துன்பக் கதையை எடுத்துக்கொண்டு மூன்று கூற்றுகளை வைக்கிறார். கடவுள் சர்வ வல்லவர். கடவுள் நீதிமான். யோபு நல்லவன். யோபுவுக்குத் துன்பம் வந்தபின் மூன்றையும் ஒருசேர நம்ப முடியாது. ஒன்றைக் கைவிட வேண்டும். யோபுவின் நண்பர்கள் மூன்றாவதைக் கைவிட்டார்கள்: நீ ஏதோ செய்திருக்கிறாய் என்றார்கள். குஷ்னர் முதலாவதைக் கைவிடுகிறார். கடவுள் நல்லவர், ஆனால் எல்லாவற்றையும் தடுக்க வல்லவரல்லர். இயற்கைக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. ஆரனின் நோயைக் கடவுள் அனுப்பவில்லை. மனிதன் செய்யும் கொடுமைக்கு மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட சுதந்திரம்தான் காரணம். கடவுள் வருவது பிறகு, தாங்கும் பலமாக, துக்க வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வரும் அண்டைவீட்டாராக.

வைதிக ரபிகள் பலர் இதை ஏற்கவில்லை. சர்வ வல்லமையை எடுத்துவிட்டால் பிறகு யாரை நோக்கிப் பிரார்த்திப்பது என்று கேட்டார்கள். ஷபிரா இருந்திருந்தால் அவரும் ஏற்றிருக்க மாட்டார். அவருக்குக் கடவுள் எல்லையற்றவர்தான். ஆனால் அந்த எல்லையின்மையை அவர் வேறு திசையில் கொண்டுபோனார். 1942 பிப்ரவரி 14 அன்று நிகழ்த்திய உரையில் தல்மூதின் ஒரு பகுதியை எடுக்கிறார். கடவுளின் வெளி அறைகளில் மகிழ்ச்சி, உள் அறைகளில் அழுகை என்று அது சொல்கிறது. கடவுள் எல்லையற்றவர் என்றால் அவர் வலியும் எல்லையற்றது. அந்த அழுகை வெளியே வந்தால் உலகம் தாங்காது. அதனால் மறைவிடத்தில் போய் அழுகிறார் என்கிறார் ஷபிரா. தொடர்ந்து அவர் சொல்வதுதான் கெட்டோவில் இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டது. மனிதன் தனியாக அழும் அழுகை அவனை உடைத்துப் போட்டுவிடும், எதையும் செய்ய முடியாதவனாக்கிவிடும். கடவுளோடு சேர்ந்து அழும் அழுகை பலம் தரும். வேதம் படிப்பதன் வழியாகவும் பிரார்த்தனையின் வழியாகவும் அந்த உள் அறைக்குள் மனிதன் போக முடியும்.

கடவுளைப் பற்றி இருவரின் கொள்கைகளும் எதிரெதிரானவை. ஒருவர் கடவுளின் வலிமையைக் குறைத்தார். மற்றவர் கடவுளின் வலியைக் கூட்டினார். ஆனால் துக்கப்பட்டவனைப் பார்த்து இருவரும் சொன்னது ஒன்று: தனியாக அழாதே. குஷ்னர் பக்கத்தில் உட்கார மனிதர்களைக் காட்டுகிறார், ஷபிரா கடவுளையே காட்டுகிறார். அடிபட்டவனைத் தண்டிக்கப்பட்டவனாகப் பார்க்க இருவருக்கும் மனம் வரவில்லை. ஷபிராவின் ஆரம்ப உரைகளில் துன்பம் திருந்துவதற்கான அழைப்பு என்ற மரபான குரல் கேட்கிறது. கெட்டோவில் நாள் ஆக ஆக அந்தக் குரல் தணிந்து, கூட அழும் கடவுளைப் பற்றிய பேச்சு மேலெழுகிறது.

சொன்னதைத் திருத்திய கை

மனிதரோடு உண்மையில் பேசுகிறவருக்கு ஓர் அடையாளம் உண்டு. நடப்பு தன் சொல்லைப் பொய்யாக்கினால் அதை ஒப்புக்கொள்வார். குஷ்னரின் நூல் முழுவதுமே அப்படிப்பட்ட திருத்தம்தான். மகன் நோய்க்கு முன் தாம் கற்றதையும் கற்பித்ததையும் வரிசையாக எடுத்து, இது நிற்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார்.

ஷபிராவின் திருத்தம் இன்னும் கூர்மையானது. 1941 டிசம்பரில், ஹனுக்கா பண்டிகையின்போது, இப்போதைய துன்பத்தைப் பார்த்து நம்பிக்கை இழப்பவர்களிடம் அவர் பேசினார். இப்படிப்பட்ட துன்பங்களை நம் முன்னோரும் கண்டிருக்கிறார்கள், எருசலேம் கோயில் இடிந்தபோது நடக்காததா என்றார். 1942 ஜூலை 22-இல் ஜெர்மானியர்கள் வார்சா யூதர்களை டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ஏற்றி அனுப்பத் தொடங்கினார்கள். இரண்டு மாதத்துக்குள் சுமார் 2.6 லட்சம் பேர் போனார்கள். ஆகஸ்டில் ஷபிராவின் மகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். நவம்பரில் அவர் பழைய கையெழுத்துப் பிரதியைத் திரும்ப எடுத்து, ஹனுக்கா உரைக்குக் கீழே ஒரு குறிப்பைச் சேர்த்தார். முன்னோரும் கண்டவை என்று சொன்னது 1942 கோடை வரைதான் பொருந்தும். அதற்குப் பிறகு நடந்த கொடுமைகளுக்கு நம் வரலாற்றில் ஈடு இல்லை என்பது அதன் சாரம். பழைய வரிகளை அவர் அடித்துவிடவில்லை. டிசம்பரில் நம்பியதும் அடுத்த நவம்பரில் தெரிந்ததும் ஒரே தாளில் இருக்கின்றன. பிரதியில் அவர் செய்த சேர்க்கைகளையும் திருத்தங்களையும் அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஆய்வுப் பதிப்பை ஆய்வாளர் டேனியல் ரைசர் 2017-இல் வெளியிட்டார். அதைப் பார்க்கிறவருக்கு, மறைவாகப் பேசிய இந்த மனிதர் எவ்வளவு வெளிப்படையாகத் தம்மோடு வாதாடினார் என்பது தெரியும்.

எழுத்து போய்ச் சேர்ந்த வழி

குஷ்னரின் நூல் வந்த வேகத்தில் பரவியது. பல லட்சம் பிரதிகள் விற்றது, பல மொழிகளுக்குப் போனது. யூதரல்லாதவர்களும், எந்த மதத்தையும் சேராதவர்களும் படித்தார்கள். தொடர்ந்து பல நூல்கள் எழுதினார். 2012-இல் மறுபடியும் யோபுவைப் பற்றியே ஒரு நூல் கொண்டுவந்தார். முப்பது ஆண்டு கழித்தும் அந்தக் கேள்வியை அவர் கைவிடவில்லை.

ஷபிரா தம் கையெழுத்துப் பிரதிகளை, வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்பிளம் கெட்டோவுக்குள் ரகசியமாகத் திரட்டிவந்த ஆவணத் தொகுப்பில் சேர்ப்பித்தார். கூடவே 1943 ஜனவரியில் எழுதிய ஒரு கடிதம். இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் டெல் அவீவில் உள்ள என் தம்பிக்கு அனுப்பி வையுங்கள்; கடவுள் அருளால் நானும் மிச்சமுள்ள யூதர்களும் பிழைத்துவிட்டால் எனக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய கெட்டோ எழுச்சி மே மாதத்தில் நசுக்கப்பட்டது. அவரைத் திராவ்னிக்கி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நவம்பரில் அங்கிருந்தவர்களோடு சேர்த்துச் சுட்டுக் கொன்றார்கள். 1950 டிசம்பரில், நோவோலிப்கி தெரு 68-ஆம் எண் மனையின் இடிபாடுகளுக்கு அடியில், இரண்டு பால் கேன்களுக்குள் பிரதிகள் கிடைத்தன. கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அந்தத் தம்பி 1945-இலேயே இறந்திருந்தார். 1960-இல் இஸ்ரேலில் இருந்த சீடர்கள் ‘புனித நெருப்பு’ என்ற பெயரில் அச்சிட்டார்கள்.

நேரில் உரை கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கொல்லப்பட்டுவிட்டார்கள். நமக்குக் கிடைப்பது வேறு ஒரு கூட்டம் படிக்கும் எழுத்து. அதனால் ஒரு நஷ்டமும் உண்டு. ஜெல்னா தெருவில் இருந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கியதை நாம் தேதிகளையும் குடும்ப வரலாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் புரிந்துகொள்கிறோம். வேதமும் தல்மூதும் பழகாதவருக்கு அவை கடினமான உரைகள். குஷ்னரிடம் அந்தச் சிரமம் கிடையாது. ஆனால் அவரிடம் வேறு குறை உண்டு. நோயையும் விபத்தையும் விளக்கும்போது அவர் வாதம் உறுதியாக நிற்கிறது. ஒரு மக்கள் கூட்டத்தையே மனிதர்கள் திட்டமிட்டு அழிப்பதற்கு மனிதச் சுதந்திரம் என்ற விடை போதுமா என்ற இடத்தில் அது மெலிந்து போகிறது.

யாருக்கு எது

தன் துக்கத்தைப் பொதுவில் எழுதும் வழக்கம் இன்று எங்கும் பெருகியிருக்கிறது. எவ்வளவு சொல்கிறோமோ அவ்வளவு நெருக்கம் உண்டாகும் என்ற நம்பிக்கையும் அதோடு வளர்ந்திருக்கிறது. இந்த இருவரையும் சேர்த்துப் படித்தால் அது பாதிதான் சரி என்று தெரிகிறது. குஷ்னர் சொன்னதால் நெருங்கினார், ஷபிரா சொல்லாமல் நெருங்கினார். இரண்டு பேரிடமும் பொதுவாக இருந்தது, பிள்ளையின் சாவை எந்தத் தத்துவத்துக்கும் உதாரணமாக்க மறுத்த மனசு. அந்த மறுப்பு இருந்ததால்தான் கேட்டவர்கள் நம்பினார்கள். அது இல்லாமல் வெறும் விவரங்களை அடுக்கினால் அனுதாபம் கிடைக்கலாம், பிறருக்குத் துணையாகாது.

ஆகவே ஒருவர் வீட்டில் திடீரென்று சாவு விழுந்து, அவர் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தால், அவர் கையில் முதலில் கொடுக்க வேண்டியது குஷ்னர். வேதம் தெரிய வேண்டாம், நம்பிக்கைகூட வேண்டாம். ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனோடு பேசுவார். ஒரு போரோ பேரழிவோ ஊர் முழுவதையும் துக்க வீடாக்கிவிட்டால், அந்த ஊருக்கு நடுவில் நின்று பேசும் பொறுப்பு யாருக்கு இருக்கிறதோ, அந்த ஆசிரியரோ அர்ச்சகரோ பாதிரியாரோ இமாமோ படிக்க வேண்டியவர் ஷபிரா. தன் இழப்பை மறக்காமல், அதை மற்றவர்களின் இழப்புக்கு மேலே தூக்கி வைக்காமல், நேற்றுச் சொன்னது இன்று போதவில்லை என்றால் அதையும் எழுதி வைத்துவிட்டு, அடுத்த வாரமும் எழுந்து நின்று பேசுவது எப்படி என்று அவர் கற்றுத் தருவார்.